நான்கு ஏக்கர், மூன்று வழி: மனையா, நாலு மாடியா, பதினாலு மாடியா?

கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பூர்வீக நிலம் ஒன்றேகால் ஏக்கரிலிருந்து நாலு ஏக்கர் வரை இருக்கிறது. ஊர் வளர்ந்து வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. தினம் ஒரு புரோக்கர் வந்து நிற்கிறார். மனைப் பிரிவாகப் போட்டு விற்கலாமா, பில்டரோடு ஜே.வி. (கூட்டு ஒப்பந்தம்) போட்டு உயரமாகக் கட்டலாமா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? "நாளைக்கு நம்ம பேரைச் சொல்லி யாரும் திட்டக் கூடாது சார்" என்று அதில் ஒருவர் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று நிலங்களில் ஒன்றை நேரில் போய்ப் பார்த்தேன். தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நாலு ஏக்கர். இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை. கணக்கெல்லாம் இந்த நிலத்தை வைத்தே போடுகிறேன். உங்கள் நிலத்துக்கு எண்கள் மாறும், கேள்விகள் மாறாது.

முதலில் எதை வைத்து எடை போடுவது

வருகிறவர்கள் எல்லோரும் "சதுர அடி எவ்வளவு போகும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் நாலு விஷயம் இருக்கிறது.

ஒன்று, குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எங்கிருந்து வரும். இரண்டு, மழைத் தண்ணீரும் கழிவுத் தண்ணீரும் எங்கே போகும். மூன்று, அங்கே குடிவருகிறவர் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியுமா. நான்கு, கட்டி முடித்து இருபது வருடம் கழித்து அதைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள், யார் பணம் கொடுப்பார்கள். பணம் ஐந்தாவது. இந்த நாலில் ஒன்று சொதப்பினாலும் ஐந்தாவதும் சொதப்பும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

இரண்டாவதைப் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொது. நான் போனது கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள். அண்ணன் கையில் பில்டர் கொடுத்த வண்ணப் படம் இருந்தது. என் கையில் கிராமப் புலப்படம், அதாவது நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடம். அதில் நிலத்தின் தென்மேற்கு மூலையை ஒட்டி மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று போகிறது. நேரில் பார்த்தால் கருவேலம் புதர்தான் தெரிகிறது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "அது மேலேரி கலங்கல் தண்ணி வர்ற வழிப்பா. ஏரி ரொம்பினா இப்படித்தான் ஓடும்" என்றார். புதருக்குள் காலை வைத்தேன், கணுக்கால் வரை சேறு. மோட்டார் ரூம் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2015 டிசம்பரில் வந்த தண்ணீர் என்றார் தம்பி. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது அதற்கு ஒரு சாண் கீழே வந்ததாம்.

பில்டரின் வண்ணப் படத்தில் அந்த மூலையில்தான் கிளப் ஹவுஸ் இருந்தது.

அடையாறு ஆற்றின் மேல்பகுதிக்குத் தண்ணீர் சேர்ந்து வருவது ஆதனூர், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஏரிகளின் உபரியிலிருந்து. அந்தப் பகுதியில் யாருடைய நிலமாக இருந்தாலும் ஏதோ ஒரு ஏரிக்குக் கீழேயோ மேலேயோதான் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் புலப்படமும், நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய அ-பதிவேடும் எடுத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுதான். ஏரி இருந்த இடத்தில் கட்டுவது சென்னைக்குப் புதிதும் இல்லை. தி. நகர் முளைத்ததே 1920-களில் மாம்பலம் நீள ஏரியை மேடாக்கித்தான். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்.

கணக்கு ஒரே பார்வையில்

நான்கு ஏக்கர் என்றால் 1,74,240 சதுர அடி, சுமார் 72 கிரவுண்டு. குடும்பத்துக்கு 4 பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைக்கும் அளவு. அந்தப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், நிலத்தின் மேல் விழுவது ஏறக்குறைய 2.1 கோடி லிட்டர். அட்டவணையில் ஸ்டில்ட் என்பது தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் தரைத்தளம். எஸ்.டி.பி. என்பது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

| | மனைப் பிரிவு | ஸ்டில்ட் + 4 மாடி | ஸ்டில்ட் + 14 மாடி |
|---|---|---|---|
| குடும்பங்கள் | 95 மனை. பத்து வருடத்தில் சுமார் 190 | சுமார் 250 | சுமார் 500 |
| ஒரு நாள் தண்ணீர்த் தேவை | 1,02,600 லிட்டர் | 1,35,000 லிட்டர் | 2,70,000 லிட்டர் |
| 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் | 8 அல்லது 9 | 11 | 22 அல்லது 23 |
| விழும் மழை முழுவதையும் பிடித்தால் வருடத் தேவையில் | 56% | 43% | 21% |
| கூரைச் சூரிய மின்சாரம், வீட்டுக்கு ஒரு நாளில் | 6 யூனிட் | 5 யூனிட் | 1.6 யூனிட் |
| கழிவுநீர் | வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் | ஒரே எஸ்.டி.பி. | ஒரே பெரிய எஸ்.டி.பி. |

மழை முழுவதையும் பிடிப்பது நடக்காத காரியம். பாதிக்கு மேல் மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஒப்பிட மட்டும்தான் அந்த வரிசை.

மனைப் பிரிவு

மூன்றில் இதுதான் எளிது. சாலைக்கு நிலத்தில் கால்வாசிக்கு மேல் போகும். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்று பூங்காவுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மிச்சம் 1.1 லட்சம் சதுர அடி. அதை 30-க்கு 40, கொஞ்சம் பெரிது சிறிதாகப் பிரித்தால் 95 மனை வரும். ஒன்றரை வருடத்தில் கை கழுவிவிடலாம். உடன்பிறந்தவர்களுக்குள் பங்கு பிரிக்கவும் வசதி. எனக்கு இந்த மனை, உனக்கு அந்த மனை, முடிந்தது.

"தனி வீடுதானே, இயற்கையோடு இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு லேஅவுட்டில் மனை வாங்கினேன். பூங்கா என்று படத்தில் பச்சை அடித்திருந்த இடத்தில் இன்றைக்கு டிரான்ஸ்ஃபார்மரும் உடைந்த சறுக்குமரம் ஒன்றும் இருக்கின்றன. ஆனால் அது பெரிய குறை இல்லை. பக்கத்து மனையில் வீடு கட்டினார்கள், அவர்களுடைய செப்டிக் டேங்க் என் போர்வெல்லிலிருந்து பதினைந்து அடியில் வந்தது. நல்ல மனிதர்கள்தான். அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. போருக்கும் கழிவு உறிஞ்சுகுழிக்கும் நடுவே 50 அடியாவது வேண்டும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலை டேப் பிடித்தாலே 50 அடிதான்! நாலு பக்கமும் நாலு வீட்டு டேங்க் இருக்கும்போது எங்கே போவது? இரண்டாம் வருடம் தண்ணீரில் வாடை வந்தது. அன்றிலிருந்து கேன் தண்ணீர்.

ஆக, மனைப் பிரிவின் மறைமுகச் செலவு முழுக்க வாங்குகிறவர் தலையில். 95 போர், 95 செப்டிக் டேங்க், 95 மோட்டார். ஒவ்வொருவரும் மனை முழுக்க சிமெண்ட் பூசி மழையைத் தெருவுக்குத் தள்ளுவார்கள். தெருவில் மழைநீர் வடிகால் இருக்கும், ஆனால் அது லேஅவுட்டின் எல்லையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் வேறொருவர் நிலம். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், தாம்பரத்துக்குத் தெற்கே பெரும்பகுதி பாறை பூமி. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் பத்தடிக் குழி போட்டால் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இங்கே அதே குழி களிமண்ணிலோ பாறையிலோ முட்டி, தொட்டியாக நிற்கும்.

இன்னொன்று. தனி மனை என்றால் கூட்டம் குறைவு என்பது முதல் ஐந்து வருடத்துக்குத்தான். அப்புறம் மேலே ஒரு போர்ஷன், அதற்கு மேலே ஒரு போர்ஷன். அட்டவணையில் 190 குடும்பம் என்று போட்டது அதனால்தான். கூட்டம் எப்படியும் வரும். பொது ஏற்பாடு எதுவும் இல்லாமல் வரும்.

இருந்தாலும் இதுதான் சரி என்கிற இடங்கள் உண்டு. நிலம் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்தான் என்றால், மணற்பாங்கான மண் என்றால், பாதாளச் சாக்கடை தெருமுனை வரை வந்துவிட்டது என்றால் தாராளமாக மனை போடலாம். நாலு ஏக்கரில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு யோசனை: பூங்கா நிலத்தைத் தாழ்ந்த மூலையில் கொடுங்கள். பொதுவாக விற்க முடியாத கோணல் துண்டைத்தான் பூங்காவுக்குத் தள்ளுவார்கள். அதையே குட்டையாக வெட்டிவிட்டால் மழை அங்கே வந்து நிற்கும். முடிந்தால் எல்லா வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் வந்து கல்வாழையும் கோரையும் வைத்த சரளைப் படுகையில் வடியும் ஏற்பாட்டையும் செய்துவிட்டு மனையை விற்கலாம். ஆரோவில்லில் இந்த முறை பல வருடமாக ஓடுகிறது. மின்சாரம் அதிகம் கேட்காது, இடம்தான் கேட்கும்.

பதினாலு மாடி

பில்டருக்குப் பிடித்தது இது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (நிலப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது) 2, உயர்ந்த கட்டடம் என்றால், முன்னால் 18 மீட்டர் சாலை இருந்தால், 3.25 வரை. நாலு ஏக்கரில் 5.66 லட்சம் சதுர அடி. அண்ணன் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "எல்லாரும் பதினாலு மாடி கட்டுறாங்க. நாம மட்டும் ஏன் சார் குறைச்சுக் கட்டணும்?"

உயரக் கட்டடத்துக்காகச் சொல்லப்படும் நல்ல வாதம் ஒன்று உண்டு. கட்டடம் தரையில் 40,000 சதுர அடிதான் பிடிக்கும், நிலத்தில் கால்வாசிகூட இல்லை. மீதியெல்லாம் திறந்த வெளி. படத்தில் பார்த்தால் ஒரே பச்சை. ஆனால் 500 வீடு என்றால் 500 கார். ஒரு காருக்கு, வந்து திரும்பும் வழியோடு சேர்த்து, 300 சதுர அடி. மொத்தம் 1.5 லட்சம். உங்கள் நிலமே 1.74 லட்சம்தான். எனவே அந்தப் பச்சைக்குக் கீழே அடித்தளம் (பேஸ்மெண்ட்) தோண்டி கார் நிறுத்துவார்கள். மேலே இரண்டடி மண், புல், அலங்காரப் பனை. கீழே கான்கிரீட் தளம். மழைக்கு அது தரையே இல்லை, இன்னொரு மொட்டை மாடி. ஏரித் தண்ணீர் வரும் ஊரில் அடித்தளம் என்றால் என்ன ஆகும் என்று மோட்டார் ரூம் சுவரைப் பார்த்தாலே தெரியும்.

மறைமுகச் செலவு லிஃப்டில் ஆரம்பிக்கும். இத்தனை மாடிக்குத் தீயணைப்பு பம்பு, டீசல் ஜெனரேட்டர், மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பராமரிப்பு சதுர அடிக்கு மாதம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் வரை வாங்குகிறார்கள். 1,100 சதுர அடி வீட்டுக்கு 3,300-லிருந்து 5,500. தண்ணீர் லாரிக் காசு பல இடங்களில் இதற்கு மேல் தனி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை லாரிக்குத் தவம் கிடந்தபோது அந்தக் காசு என்ன ஆனது என்று பழைய மகாபலிபுரம் சாலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளத்திலும் இதே கதைதான். மின்பலகை கீழே நனைந்து லிஃப்ட் நின்றால் பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர் போவதே பெரும்பாடு.

நாற்பது வருடம் கழித்துக் கட்டடம் பழசானால்? ஒரு வீட்டுக்கு வரும் யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, ஓ.எஸ்.ஆர். போகச் சுமார் 310 சதுர அடி. புதிய அடுக்கக உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வந்திருக்கிறது, நல்ல மாற்றம். ஆனால் இருக்கிற எஃப்.எஸ்.ஐ. முழுவதையும் நீங்களே இன்றைக்குத் தின்றுவிட்டால், நாளைக்கு எந்த பில்டர் எதற்காக வருவார்?

உயரத்துக்கே நான் எதிரி இல்லை. அசோக் நகர், கே.கே. நகரில் வீட்டுவசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது உயரமாகத்தான் கட்ட வேண்டும். குழாயில் குடிநீர், தெருவில் பாதாளச் சாக்கடை, எட்டி நடந்தால் மெட்ரோ. அங்கே 500 குடும்பம் குடியேறினால், அந்த 500 குடும்பம் ஊருக்கு வெளியே இன்னொரு ஏரிப் பக்கம் போகாமல் மிச்சமாகிறது. அதே 500 குடும்பத்தை ரயில் நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? காலை எட்டரை மணிக்கு அந்த ஒற்றைச் சாலையில் நின்று பாருங்கள். உங்கள் நிலத்திலிருந்து புறநகர் ரயிலுக்கு நடந்து பதினைந்து நிமிடம், குடிநீரும் சாக்கடையும் வந்தாயிற்று, முன்னால் 18 மீட்டர் சாலை: இந்த மூன்றும் இருந்தால் பதினாலு மாடி கட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

நாலு மாடி

இதைக் கேட்டு யாரும் வருவதில்லை, நான்தான் சொல்லிப் பார்க்கிறேன். ஸ்டில்டுக்கு மேல் நாலு மாடி. எஃப்.எஸ்.ஐ. 2 வரை போகலாம் என்றாலும் 1.5-இல் நிறுத்துவது. மொத்தம் 2.6 லட்சம் சதுர அடி, 250 வீடு.

கட்டடம் தரையில் 65,000 சதுர அடி பிடிக்கும். 250 காருக்கு 75,000 வேண்டும். ஏறக்குறைய எல்லாக் காரும் ஸ்டில்டிலேயே அடங்கிவிடும், தோண்ட வேண்டாம். மிச்சத் தரை உண்மையான தரை. நடு முற்றத்தில் வேம்பு வைத்தால் வேர் இறங்கும். தண்ணீர் வந்தால் ஸ்டில்டில் புகுந்து வெளியே போகும். மின்பலகையை மட்டும் முதல் மாடி மட்டத்துக்கு ஏற்றிவிட வேண்டும். 2015-க்குப் பிறகும் இதைச் செய்யாமல் கட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது.

தண்ணீர்தான் இதில் விசேஷம். ஆளுக்கு 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகிறது. கட்டும்போதே இரட்டைக் குழாய் போட்டு, எஸ்.டி.பி.யில் சுத்தம் செய்த தண்ணீரைக் கழிப்பறைக்குத் திருப்பினால் நல்ல தண்ணீர்த் தேவை 90 லிட்டராக இறங்கும். அட்டவணையில் 43 சதவீதம் என்று இருந்த மழைக் கணக்கு 64-க்கு ஏறும். பதினாலு மாடியிலும் இதைச் செய்யலாம், அப்போதும் 32-தான். மனைப் பிரிவில் வீட்டுக்கு வீடு இதை யாரும் செய்யப் போவதில்லை. தென்மேற்கு மூலையில் அரை ஏக்கரைக் குளமாக விட்டால், கலங்கல் தண்ணீருக்கும் வழி விட்ட மாதிரி, பங்குனி வரை போருக்கும் ஊறின மாதிரி.

கூரையும் போதும். நாலு மாடிக்கு ஒரு கூரை என்பதால் வீட்டுக்கு ஐந்து யூனிட் வரைக்கும் வரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. பொது விளக்கு, மோட்டார், எஸ்.டி.பி. எல்லாம் அதிலேயே ஓடிவிடும். யூ.டி.எஸ். சுமார் 620 சதுர அடி, விட்டுவைத்த எஃப்.எஸ்.ஐ. 0.5 அடுத்த தலைமுறைக்கு.

இதன் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். முதலில், பில்டர் வரமாட்டார், வந்தாலும் குறைந்த பங்கு பேசுவார். சகோதரர்களுக்குக் கையில் வரும் பணம் பதினாலு மாடியைவிட நிச்சயம் குறைவு. கட்டட அளவு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அதைத் தவிர்க்க ஒரே நிலத்தை இரண்டு திட்டமாகப் பிரித்துக் காட்டலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் வீடு வாங்கியவர்கள்தான் மாட்டுவார்கள். வேண்டுமானால் உண்மையாகவே, ஸ்டில்டையும் சேர்த்து, 2.1 லட்சம் சதுர அடிக்குள் நிறுத்திவிடுங்கள், சுமார் 160 வீடு.

அப்புறம் எஸ்.டி.பி. எங்கே பார்த்தாலும் முதலில் படுப்பது அதுதான். பில்டர் ஒப்படைத்துவிட்டுப் போனதும் சங்கம் மின்கட்டணத்தைப் பார்த்து கழிவுநீருக்குள் காற்று ஊதும் கருவியை ராத்திரி நிறுத்தும். மூன்றாம் நாள் நுண்ணுயிர் செத்து நாற்றம் எழும். "இந்த சனியனே வேண்டாம், லாரியை வரச்சொல்" என்பார்கள். இயக்குகிற ஆளின் சம்பளம், மின்சாரம், வருடாந்தரப் பழுதுக்கான பணம் மூன்றையும் பராமரிப்புக் கட்டணத்துக்குள் தனிக் கணக்காக, விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ரெரா என்கிற வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருடம் பில்டர் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் எஸ்.டி.பி.யை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுக்க ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 250 வீடு இருந்தால் இந்தச் செலவு தாங்கும். 40 வீட்டுக்கு எஸ்.டி.பி. வைத்தால் தாங்காது, அங்கே சரளைப் படுகைதான்.

அந்த மூன்று பேருக்கும்

ரயில் நிலையத்துக்கு எட்டு நிமிட நடையில் இரண்டரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு: சாலை அகலத்தை அளந்துவிட்டு உயரமாகப் போங்கள், அடித்தளம் மட்டும் வேண்டாம். மாடியிலேயே கார் நிறுத்தும் தளம் கேளுங்கள்.

கடலோர மணலில் ஒன்றேகால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு மனைதான். கழிவுக் குழாயைப் பொதுவாக இழுத்துவிட்டு விற்றால் போதும்.

தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கும் அண்ணன் தம்பிகள் இன்னும் முடிவு செய்யவில்லை. நாலு மாடிக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. தங்கை மட்டும் புலப்படத்தை வாங்கி அந்த இரட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்: "இது நம்ம பட்டாவுக்குள்ள வருதா, வெளியில வருதா?" வரப்பை ஒட்டி வெளியில் வருகிறது, ஓடைப் புறம்போக்கு என்றேன். "அப்ப பில்டர் படத்துல கிளப் ஹவுஸ் யார் நிலத்துல இருக்கு?"

நில அளவரை வரச்சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள்.